வாலாட்டிக்கொண்டே கடித்தது ஏன்?

கேள்வி:

எங்கள் வீட்டில் மூன்று வயதுக் கடுவன் நாய் இருக்கிறது. சிப்பிப்பாறைக் கலப்பு, பெயர் மணி. குட்டியிலிருந்து வளர்க்கிறோம். வருடம் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறோம். இரண்டு மாதமாக அதன் குணம் மாறிவிட்டது. எங்கள் ஆறு வயது மகன் கட்டிப்பிடித்தால் உறுமியது. 'பிள்ளையவே உறுமுறியா' என்று கணவர் இரண்டு மூன்று தடவை அடித்தார். அதன்பின் உறுமவே இல்லை, திருந்திவிட்டது என்று நினைத்தோம். போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் நின்றுகொண்டிருந்தபோது மகன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. சட்டென்று திரும்பி கன்னத்தில் கடித்துவிட்டது. ஒரு பல் பதிந்து லேசாக ரத்தம் வந்தது. தடுப்பூசி போட்ட நாய்தானே என்று மஞ்சள் மட்டும் வைத்தோம். நான்கு நாளாகிறது. கடித்தவுடன் வாலைச் சுருட்டிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. செய்த தப்பு அதற்கே தெரிகிறது. தட்டுப் பக்கம் போனாலும் முறைக்கிறது. மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். ராத்திரியில் ஊளையிடுவதால் சகுனம் சரியில்லை என்கிறார் மாமியார். புல் தின்கிறது, பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகர்கிறது. வயிற்றில் பூச்சியா? மகனும் மணியும் இருக்கும் பழைய படம் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். நாங்கள் என்ன செய்யட்டும்?

– தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நாயைப் பற்றிப் பேசுவதற்கு முன் பிள்ளையைப் பார்ப்போம். இதைப் படித்ததும் மகனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நாளை என்று தள்ள வேண்டாம். நான்கு நாள் கடந்துவிட்டதே, இனிமேல் போய் என்ன பயன் என்றும் நினைக்க வேண்டாம். எத்தனை நாள் கழித்துப் போனாலும் தடுப்பூசியைத் தொடங்குவார்கள். நாய்க்கடியை மருத்துவர்கள் மூன்று வகையாகப் பிரிப்பார்கள்; தோலைத் துளைத்து ரத்தம் வந்த கடி கடுமையான மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தையும் காயத்துக்குள்ளும் சுற்றிலும் போட வேண்டும். காயம் முகத்தில் இருப்பதால் இன்னும் அவசரம், ஏனென்றால் வெறிநோய்க் (ரேபிஸ்) கிருமி நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது, கன்னத்திலிருந்து மூளைக்கு வழி குறுகியது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. தசையில் போடும் முறையானால் 14-ஆம் நாளும் ஒன்று உண்டு. ஒரு தவணைகூட விடக் கூடாது. நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். ஆனால் அட்டை இருக்கிறது என்ற தைரியத்தில் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் கடிவாயில் வைக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதுதான் வீட்டில் செய்யக்கூடிய ஒரே வைத்தியம். ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது; சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடுகிறது. மஞ்சளால் அது முடியாது. இன்று போவதற்கு முன்பும் ஒருமுறை கழுவிவிட்டே போங்கள்.

அடுத்து, மணியை எங்கேயும் கொண்டுபோய் விட வேண்டாம். கடித்த நாளிலிருந்து பத்து நாள் அது உங்கள் கண்ணெதிரில் இருந்தாக வேண்டும். எச்சிலில் ரேபிஸ் கிருமி வந்துவிட்ட நாய் பத்து நாளுக்குள் நோயின் அறிகுறியைக் காட்டிவிடும் அல்லது இறந்துவிடும். பதினோராம் நாளும் அது வழக்கம்போல் தின்று, குடித்து, உங்கள் குரலுக்கு ஓடிவந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். அதற்குப் பிறகு எத்தனை ஊசி பாக்கி என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இப்போதே அடிவாரத்தில் விட்டுவிட்டால் அந்தத் தகவல் உங்களுக்குக் கிடைக்காமலே போய்விடும். தவிர, பட்டினி கிடக்கும்படி நாயைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்தப் பத்து நாளில் தீனி மறுத்தல், குரல் மாறுதல், தாடை தொங்கி எச்சில் வழிதல், இருட்டில் ஒளிதல், கட்டை கல் என்று எதையும் கடித்தல், பின்னங்கால் தள்ளாட்டம் இவற்றில் ஏதாவது தெரிந்தால் நாயைத் தொடாமல் அடைத்துவைத்துவிட்டு, மருத்துவமனைக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே சொல்லுங்கள்.

இனி மணி.

'குரைக்கிற நாய் கடிக்காது' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அது மனிதர்களைப் பற்றிச் சொன்ன பழமொழி, நாய்க்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. குரைக்கிற நாயும் கடிக்கும். வாலாட்டுகிற நாயும் கடிக்கும். ஆனால் அறிவிப்பே தராமல் கடிக்கிற நாய் மிக மிக அரிது. உங்கள் மணியும் அறிவித்திருக்கிறது. அதற்குச் சாட்சி நீங்கள் அனுப்பிய படமே.

அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். மகன் இரண்டு கையாலும் மணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். நம் கண் அவன் சிரிப்பிலேயே நின்றுவிடுகிறது. மணியின் முகத்துக்கு வாருங்கள். வாய் இறுக மூடியிருக்கிறது. நாக்கின் நுனி மட்டும் வெளியே வந்து மூக்கைத் தொடுகிறது. பக்கத்தில் தீனி எதுவும் இல்லை. தலை மகனுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, ஆனால் கருவிழி மட்டும் மகன் பக்கம் ஒதுங்கியிருப்பதால் கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிகிறது. இடது முன்னங்கால் தரையிலிருந்து லேசாகத் தூக்கியிருக்கிறது. உடம்பின் பாரம் முழுக்க மகனை விட்டு விலகும் திசையில் சாய்ந்திருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: 'எனக்கு இது பிடிக்கவில்லை, விடு.' கட்டிப்பிடிப்பது மனிதர்களின் பழக்கம். நாய்க்குக் கழுத்தில் விழும் கை, ஓட முடியாமல் மாட்டிக்கொண்டதாகவே படும்.

காதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். படத்தில் காது பின்னால் மடிந்திருக்கிறது, ஆனால் அதை வைத்து முடிவுகட்ட முடியாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குச் சும்மா படுத்திருக்கும்போதே காது பின்னால் மடிந்துதான் கிடக்கும். வாலும் அப்படியே. தெரு நாட்டு நாய்க்கு வால் முதுகின்மேல் சுருண்டு நிற்பது இயல்பு. சிப்பிப்பாறைக்கு மெலிந்த வால் கீழே தொங்கி நுனியில் வளைந்திருப்பது இயல்பு. அதனால் உங்கள் நாய் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் காது எங்கே, வால் எங்கே, வாய் எப்படி என்று முதலில் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எது மாறினாலும் அதுதான் சேதி. இன்னொரு நாயோடு ஒப்பிட்டால் தப்பாகவே வரும்.

வாலாட்டுதலுக்கு மகிழ்ச்சி என்று ஒரே பொருள் எழுதிவைத்திருக்கிறோம். நாயின் மனம் கிளர்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் வால் ஆட்டத்தின் பொருள். அது எந்தக் கிளர்ச்சி என்பதை வால் நிற்கும் உயரமும் உடம்பின் இறுக்கமும் சொல்லும். நீங்கள் வெளியூர் போய்த் திரும்பும்போது மணி எப்படி ஆட்டும்? இடுப்பும் சேர்ந்து ஆடும், உடம்பு பாம்பு போல வளையும், வால் பெரிய வட்டம் போடும். அது மகிழ்ச்சி. வால் விறைத்து உயர்ந்து, நுனி மட்டும் வேகமாகத் துடித்து, உடம்பு கட்டை போல அசையாமல் இருந்தால் அது எச்சரிக்கை. வால் தாழ்ந்து, தொடைகளுக்கு நடுவே குறுகலாக ஆடினால் அச்சம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பார்த்தது எது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மகன் இடுப்பைப் பிடித்த கணத்தில் இடுப்பு ஆடியிருக்க வழியில்லை. 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் படம்பிடித்து அளந்து, உரிமையாளரைக் கண்டால் வால் வலப்பக்கமும், மிரட்டுகிற அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கமும் சற்றுக் கூடுதலாகச் சாய்கிறது என்று காட்டினார்கள். சுவையான கண்டுபிடிப்பு, ஆனால் வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம். உயரத்தையும் இறுக்கத்தையும் பார்த்தாலே உங்களுக்குப் போதும்.

நாய் தன் சங்கடத்தைப் படிப்படியாகத்தான் காட்டும். இங்கிலாந்துக் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படியில் கொட்டாவி, கண் சிமிட்டல், மூக்கை நக்கல். அடுத்து தலையைத் திருப்புதல், உடம்பையே திருப்புதல், எழுந்து விலகிப் போதல். அதன்பின் காதை ஒட்டவைத்துப் பதுங்குதல், வாலை ஒடுக்கிக் குறுகி நிற்றல், மல்லாந்து காலைத் தூக்குதல். அதற்கும் மேலே உடம்பு விறைத்து வெறித்துப் பார்த்தல், உறுமல், காற்றில் ஒரு கவ்வல், கடைசியாகக் கடி. நனையாத உடம்பை நனைந்தது போல உதறுவதும் மனம் இறுகித் தளர்ந்ததன் அடையாளம். எல்லா நாயும் எல்லாப் படியையும் வரிசையாக மிதிக்கும் என்று இல்லை. கீழ்ப்படிகளில் சொன்னதை வீட்டில் யாரும் கேட்கவில்லை என்று தெரிந்த நாய் மேலே தாவிவிடும்.

உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். மணி மூக்கை நக்கியது, தலையைத் திருப்பியது, யாருக்கும் புரியவில்லை. உறுமியது, அடி விழுந்தது. 'உறுமினால் அடி' என்பதை மட்டும் அது கற்றுக்கொண்டது. மகன் கட்டிப்பிடிப்பதால் வரும் சங்கடம் கொஞ்சமும் குறையவில்லை. உண்மையில் கூடியது, ஏனென்றால் மகன் அருகில் வந்தால் அடியும் வருகிறது என்ற கணக்கு அதன் தலையில் ஏறிவிட்டது. உறுமல் நாய் நமக்குத் தரும் அவகாசம். அதை அடித்து நிறுத்தியதால் உங்கள் மகனுக்கு விலகிப் போக இருந்த இரண்டு மூன்று நொடி பறிபோனது. உங்கள் கணவர் பிள்ளையைக் காக்கத்தான் கை ஓங்கினார் என்பது புரிகிறது. இதைப் படித்துவிட்டு அவர்மேல் கோபப்படாதீர்கள். ஆனால் இனி ஒரு அடிகூட வேண்டாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் நடத்தைக் கோளாறுக்காக வந்த நாய்களின் உரிமையாளர்களைக் கேட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரின் நாய் பதிலுக்குச் சீறியது. வெறித்துப் பார்த்து அடக்க முயன்றவர்களில் 30 சதவீதம் பேருக்கு அதே கதி.

'யார் எஜமான் என்று காட்டினால் அடங்கும்' என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள். அந்த எண்ணம் 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஓரிடத்தில் அடைத்தால் சண்டை வரத்தான் செய்யும். அந்தக் கருத்தை ஒரு காலத்தில் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகாலங்கள் கவனித்துவிட்டு 1999-இல் திருத்தி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம். மணிக்கு உங்கள் வீட்டுத் தலைமைப் பதவி மேல் ஆசை கிடையாது.

கடித்துவிட்டு மூலையில் சுருண்டதும் குற்ற உணர்வு இல்லை. 2009-இல் நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார். பிஸ்கட்டைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். திரும்பி வந்ததும் நாய் தின்றுவிட்டது என்று சில சமயம் உண்மையும் சில சமயம் பொய்யும் சொல்லப்படும். நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தத் 'தப்பு செய்த' முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. திட்டு விழுந்தால் அந்த முகம் வந்தது. எதுவும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அதிகமாக வந்தது. மணி வாலைச் சுருட்டியது உங்கள் அலறலையும் கணவரின் முகத்தையும் பார்த்து. 'தெரிந்தே செய்தது, அதனால் தண்டிக்கலாம்' என்ற வாதம் இங்கே நிற்காது.

சரி, குட்டியிலிருந்து இந்தப் பிள்ளையோடு வளர்ந்த நாய்க்கு இரண்டு மாதத்தில் மட்டும் என்ன வந்தது? உங்கள் கடிதத்தில் கடைசியாக, போகிற போக்கில் கேட்டிருக்கும் கேள்விதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. பின்புறத்தைத் தரையில் தேய்க்கிறது என்கிறீர்கள். பூச்சியாக இருக்கலாம்: நாடாப்புழுவானால் மலவாயைச் சுற்றியுள்ள மயிரில் அரிசி மணி போல வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். அது இல்லையென்றால் பெரும்பாலும் மலவாய்ப் பைகள்தான். கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், மலவாயின் நான்கு மணி, எட்டு மணி இடத்தில் தோலுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு பைகள் உண்டு. மலம் கழிக்கும்போது அவற்றிலுள்ள நாற்றநீர் தானாக வெளியேற வேண்டும். மலம் இளகலாகவே போய்க்கொண்டிருந்தால் அழுத்தம் போதாமல் நீர் தேங்கிக் கெட்டியாகும், பிறகு சீழ் வைக்கும். தரையில் தேய்ப்பது, வாலடியை நக்கிக்கொண்டே இருப்பது, உட்கார்ந்த மாத்திரத்தில் துள்ளி எழுந்து பின்னால் பார்ப்பது, அழுகிய மீன் வாடை இவை அடையாளங்கள். சீழ் வைத்தால் வலி கடுமையாக இருக்கும்.

இப்போது மகன் எங்கே பிடித்தான் என்று பாருங்கள். பின்னாலிருந்து, இடுப்பை. கழுத்தைக் கட்டியதை இத்தனை காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொறுத்துப்போன நாய், வலிக்கிற இடத்தைப் பிடித்தபோது பொறுக்கவில்லை. இதுதான் காரணம் என்று பார்க்காமலே அடித்துச் சொல்ல மாட்டேன். இடுப்பு எலும்பு, முதுகுத்தண்டு, காதில் சீழ், உடைந்த பல், உண்ணிக் காய்ச்சல் என எதுவாகவும் இருக்கலாம். ஆனால் வளர்ந்த நாய் திடீரென்று குணம் மாறினால் முதலில் பார்க்க வேண்டியது உடம்பை. வலி தீராமல் எந்தப் பழக்கமும் பலிக்காது.

ஆகவே இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடித்த தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மஸில் என்று கடையில் கிடைக்கும் வாய்க்கூட்டில் கூடை போன்றதை வாங்குங்கள். அதைப் போட்டாலும் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கும், தண்ணீர் குடிக்கும். துணியில் குழாய் போல வருவது வாயைத் திறக்கவிடாது. வெயிலில் நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பதே வாயால் மூச்சிரைத்துத்தான், அதனால் அது ஆபத்து. கூடைக்குள் துளி தயிரைத் தடவிக் காட்டினால் மணியே மூக்கை உள்ளே விடும். முதல் நாளே வாரை மாட்டாமல், இரண்டு நாள் இப்படிப் பழக்கிவிட்டுப் பிறகு மாட்டுங்கள். மலவாய்ப் பையை வீட்டில் பிதுக்கிப் பார்க்க வேண்டாம், சீழ்ப்பை உடையும், இன்னொரு கடியும் விழும். உங்கள் வீட்டு வலி மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். பாராசிட்டமாலும் ஆபத்தே.

வீட்டுக்குள் உடனே மாற வேண்டியது ஒன்று: மகனும் மணியும் பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. 'பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்' என்று அடுப்படியிலிருந்து சொல்வது கணக்கில் சேராது. மணிக்கு நடமாட்டம் குறைந்த மூலையில் ஒரு சாக்கு, பக்கத்தில் தண்ணீர். அங்கே போய்ப் படுத்துவிட்டால் யாரும் கூப்பிடவோ தொடவோ கூடாது. தூங்கும் நாயையும் தின்னும் நாயையும் தொடக் கூடாது என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். மணியே வேகமாக வந்து மோதினால் ஓடாமல் மரம் போல நிற்கக் கற்றுக்கொடுங்கள்: கை இரண்டையும் மடக்கி நெஞ்சில் வைத்து, தன் கால் விரலையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஓடுகிற எதையும் துரத்துவது சிப்பிப்பாறையின் ரத்தத்தில் ஊறியது, முயல் வேட்டைக்காக வளர்த்த இனம் அது.

வலி தீர்ந்து, மருத்துவரும் சரி என்ற பிறகு மூன்று எண்ணும் பழக்கத்தைத் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் நீங்களும் கணவரும் மட்டும். மணியைக் கூப்பிடுங்கள், அது வந்தால் மட்டுமே தொடுங்கள். உச்சந்தலையில் கை வைக்காமல் நெஞ்சிலோ காதுக்குக் கீழோ தடவுங்கள். மூன்று எண்ணி நிறுத்திக் கையை எடுத்துவிடுங்கள். மணி நெருங்கிவந்து உங்கள் கையில் முட்டினால் இன்னும் மூன்று. முகத்தைத் திருப்பினால், மூக்கை நக்கினால், உடம்பை உதறினால் அன்றைக்கு அவ்வளவுதான். மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், 'மணி சரின்னுச்சா, வேணாம்னுச்சா?' என்று அவனிடம் கேளுங்கள். சொல்லிக்கொடுத்தால் ஆறு வயதுப் பிள்ளைகளும் இதைப் பிடித்துக்கொள்வார்கள்.

தட்டுச் சமாச்சாரத்துக்கு வருகிறேன். தின்னும்போது கையை உள்ளே விட்டு அளைவது, பாதியில் தட்டைப் பிடுங்கித் திருப்பித் தருவது இரண்டும் ஊரில் பழக்கம். 'அப்போதான் பழகும்' என்பார்கள். ஆள் வந்தால் சோறு போய்விடும் என்பதைத்தான் நாய் அதிலிருந்து பழகுகிறது. நீங்கள் தலைகீழாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்: ஆள் வந்தால் சோற்றைவிட நல்லது வரும். எலும்பில்லாத கோழிக்கறி 50 கிராமை உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்துக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். மணிக்கு வழக்கமான சோறு. நீங்கள் எட்டடி தூரத்தில் தொடங்குங்கள். அது சீராகத் தின்றுகொண்டிருந்தால் அந்தத் தூரம் சரி. வேகவேகமாக விழுங்கினால், கழுத்தைத் தட்டின்மேல் தாழ்த்தினால், அசைவு நின்று ஓரக்கண்ணால் பார்த்தால் தூரம் போதாது, இரண்டடி பின்னால் போங்கள். அந்த எல்லை வரை நடந்துவந்து, ஒரு துண்டைத் தட்டருகே வீசிவிட்டு, நிற்காமல் திரும்பிப் போய்விடுங்கள். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை. உங்களைக் கண்டதும் மணி தலையைத் தூக்கித் தளர்ந்த வாலோடு எதிர்பார்க்கிறதா? அடுத்தடுத்து மூன்று வேளை அப்படி இருந்தால் அரையடி நெருங்குங்கள். உறுமினால் திட்டாமல் விலகி, அடுத்த வேளை ஓரடி தள்ளித் தொடங்குங்கள். மூன்று நான்கு வாரம் பிடிக்கும். இது கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: இரண்டாம் நாளே நன்றாக இருக்கிறது என்று தட்டுவரை போய்விடுவார்கள். மகன் இதைச் செய்யவே கூடாது, அந்த நேரம் கதவு சாத்திய அறைக்குள் இருக்க வேண்டும். பயிற்சி முடிந்த பிறகும் அப்படியே.

புல் தின்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2008-இல் நாய் வளர்ப்போரிடம் கேட்டறிந்தபோது, புல் தின்னும் நாய்களில் பத்தில் ஒன்றுகூட முன்னதாகச் சோர்ந்திருக்கவில்லை. தின்றபின் வழக்கமாக வாந்தி எடுத்தவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. நாய்க்கு அது சாதாரணப் பழக்கம். உங்கள் பக்கம் திராட்சை, வாழைத் தோட்டங்களுக்கு மருந்தடிப்பார்கள். அந்த வரப்புப் புல்லை மட்டும் தின்ன விடாதீர்கள்.

ஊளையைப் பற்றி மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஊளை நாயின் தூரத்துக் குரல். பக்கத்துத் தெரு நாய்க்குப் பதிலாக, ஆம்புலன்ஸ் சங்குக்குப் பதிலாக, தனிமையில் என்று பல காரணங்களால் வரும். நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும், நாயின் காது 45,000 வரை கேட்கும். நமக்கு எட்டாத சத்தத்துக்கு அது பதில் சொல்வதால்தான் நாய்க்கு ஏதோ தெரிகிறது என்ற எண்ணம் வருகிறது. ஆனால் ஒரு விதத்தில் உங்கள் மாமியார் சரியாகவே கவனித்திருக்கிறார். இந்த ஊளையும் இரண்டு மாதத்துக்குள் வந்ததா, ராத்திரியில் படுக்கை கொள்ளாமல் இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். ஆம் என்றால் அதுவும் வலியின் குரலாக இருக்கலாம், மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

மணியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை இன்று முடிவு செய்ய வேண்டாம். சிகிச்சை முடிந்து ஆறு வாரம் இந்தப் பழக்கங்களைக் கைக்கொண்ட பிறகும் மகனைக் கண்டால் விறைத்து வெறித்தால், குழந்தையில்லாத வீட்டில் கொடுப்பதே இருவருக்கும் நல்லது. அப்போது கடித்த விவரத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று காணொளி கொண்டு போங்கள். மணி நடப்பது, தின்பது, உட்கார்ந்து எழுவது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். பத்தடி தள்ளி, பக்கவாட்டில் நின்று, மூக்கு முதல் வால் நுனி வரை தெரியும்படி எடுங்கள். மகனை அதில் சேர்க்க வேண்டாம்.